நன்றாக வந்திருந்தது என்பதால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் கைபேசியில் முதல் இதயம் வந்து விழுந்தது. சிவப்பு இதயம். கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பியிருந்தாள். சற்று முன்புதான் நான் எழுதிய ஒரு பக்கத்தை எங்கள் தோழிகளின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன். பின்னால் நடந்ததை எல்லாம் யோசித்துப் பார்த்தால், தப்பு தொடங்கிய நேரம் அதுதான். அப்போது அது தெரியவில்லை. கறி கழுவிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அடுப்பங்கரையில் நின்றபடியே அந்த இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வரிசையாக வந்தன.

"ஏ, நீ இன்னமும் எழுதுறியாடி?"

"பாவி, கண்ணுல தண்ணி வந்துருச்சு. இம்புட்டு நாளா இதையெல்லாம் எங்கன ஒளிச்சு வச்சிருந்த?"

"எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டுனேன். மனுசன் காபியக் கீழ வச்சிட்டாரு. அவரு காபியக் கீழ வச்சு நான் பாத்ததே இல்ல."

ஒருத்தி மட்டும், "இத மத்தவங்களுக்கு அனுப்பலாமாடி?" என்று கேட்டாள். "தாராளமா" என்று பதில் போட்டேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. யாரும் என்னிடமிருந்து அதைத் திருடவில்லை. கேட்டார்கள், கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணின் கதை. நாங்கள் இருப்பது சிவகாசிக்கு வெளியே ஒரு தெரு. தெருவையும் வேறு சில அடையாளங்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதியபோது அப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுடைய புருஷன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். அவள் வீட்டில் இருந்தாள். சீசன் நேரத்தில் அவள் வீட்டுக்குக் கருந்திரி வரும். வெடிமருந்துப் பசை தடவிக் காயவைத்த நூல் அது. அதை அளவாக நறுக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டில் அதை வைத்திருப்பதே குற்றம். பிடித்தால் வழக்குதான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அது எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், பால்காரர் உட்பட. யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்கு ஓடுவாள். அவளை "அத்தை" என்று கூப்பிடுவாள். நான் வேலையிலிருந்து வர ஆறரை ஆகிவிடும். "திரி இருக்கும்போது அங்கன போகாத" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சும்மா நூலும்மா அது" என்பாள்.

அது நடந்த அன்று எனக்கு விடுமுறை. மகள் அங்கே போய் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிறிது நேரம் பேசியிருந்துவிட்டு எங்கள் வாசலுக்குள் நுழைந்தாள். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தம். வெடிச் சத்தம் இல்லை. யாரோ பெரிதாக மூச்சு விட்ட மாதிரி. சன்னல் முழுக்க வெள்ளையாகி, பிறகு புகை வந்தது.

தெருவே ஓடியது. பக்கத்துப் பெண் நடந்தே வெளியே வந்தாள். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரிடமோ எதையோ கொடுக்கப் போகிறவள் மாதிரி வந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது, "அடுப்பு. அடுப்புன்னு சொல்லுங்க" என்றாள். கூச்சலிடவில்லை. கூடியிருந்தவர்களுக்கு வேலை சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு தெரு செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஞ்சிய திரியை இரண்டு பேர் ஈரச் சாக்கில் சுற்றிக் கண்மாய்த் தண்ணீரில் போடக் கொண்டுபோனார்கள். ஒருவர் கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைக் கருக்கி வைத்தார். பெண்கள் தரையைத் தேய்த்துக் கழுவினார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது எல்லோரும் அடுப்பு என்றார்கள். நானும் சொன்னேன். எல்லோரையும்விட நான் சொன்னதைத்தான் அந்தப் போலீஸ்காரர் அதிகம் நம்பியிருப்பார். நான் படித்தவள், சம்பளக்காரி, மூக்குக் கண்ணாடி போட்டவள்.

அவளை முதலில் இங்கே அரசு ஆஸ்பத்திரியிலும் பிறகு மதுரையிலும் சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். கைகள் எந்த அளவுக்குத் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மகள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வந்துவிட்டாளா என்று கேட்பேன். "அம்மா, எச்.எம். ரூம்ல என்னைய எல்லாரும் பாக்குறாங்க, போன் பண்ணாத" என்று அழுதாள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பு ஒரு சீறல் வருமே, அந்தச் சீறல் கேட்டால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன்.

நான் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறேன். தினசரித் தாளில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், கீழே ஒரு நல்ல வார்த்தை. எங்களுக்கு எப்போதும் அடுத்த வருஷம்தான் நடந்துகொண்டிருக்கும். நாள் முழுக்க எழுத்துதான் என் கண்ணில் படுகிறது. ஆனால் அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. கல்லூரியில் நாங்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியபோது பாதிப் பக்கம் நான்தான் எழுதுவேன். கல்யாணத்துக்குப் பிறகு எழுதியது மளிகைச் சாமான், பள்ளிக்கூடத்துக்கு லீவு கடிதம், இவ்வளவுதான். யாரும் எழுதாதே என்று சொல்லவில்லை. அது பாட்டுக்கு நின்றுபோனது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வீணாய்ப்போன தாள் ஒன்று மேசையில் கிடந்தது. அதன் வெள்ளைப் பக்கத்தில், "அவளுடைய நகங்கள் சீசனில் கறுப்பாக இருக்கும், தை மாதத்தில்தான் வெளுக்கும்" என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. எழுதி முடித்துப் பார்த்தேன். "வெளுக்கும்" வேண்டாம் என்று பட்டது. அடித்துவிட்டு, "தை மாதத்தில்தான் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்" என்று போட்டேன். உடம்பெல்லாம் ஏதோ சரியாகப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. டப்பாவில் தயிர்சாதம் அப்படியே இருந்தது. மணி அடித்ததும்தான், அந்த அரை மணி நேரமும் நான் மகளைப் பற்றிப் பயப்படவில்லை என்று தெரிந்தது.

அதன்பிறகு தினமும் எழுதினேன். ஒரு வரியைத் திருத்துவதற்காக டவுன் பஸ்ஸைத் தவறவிட்டேன். அந்தச் சன்னல் வெள்ளையானதை எப்படிச் சொல்வது என்று காய் நறுக்கும்போது யோசிப்பேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஒரு சொல் வந்து மாட்டும், அதை மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "சாமி பேரு சொல்றீகளா தாயி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். தூக்கம் திரும்பி வந்தது. குக்கர் சத்தத்துக்கு அடுப்பை அணைக்க ஓடுவது குறைந்தது. நடந்ததை நான் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடிந்தது. அதுவரை அதுதான் என்னைத் திருப்பிக்கொண்டிருந்தது.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சந்தோஷமாக இருந்தேன். பல வருஷமாக இல்லாத சந்தோஷம். மதுரையில் அவளுக்குத் தினமும் கட்டுப் பிரித்து மருந்து போட்டார்கள். அந்த வலியைப் பற்றி அவள் புருஷன் தெருவில் சொன்னபோது, எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய அதே நேரத்தில், இதை எந்த இடத்தில் சேர்க்கலாம் என்றும் மனசு தேடியது.

எழுதியதைக் கைபேசியில் தட்டச்சு செய்தேன். நன்றாக வந்திருந்தது. அனுப்பியதற்கு வேறு காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. விழிப்புணர்வு என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நன்றாக வந்திருந்தது, நன்றாக வந்திருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

பெயர் எதையும் போடவில்லை. ஆனால் நீல வீடு இருந்தது, வாசலில் இருந்த பப்பாளி மரம் இருந்தது, தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த இரண்டாவது வாசல் என்பது இருந்தது. ஈரச் சாக்கு, கண்மாய், கருக்கி வைத்த ரப்பர் குழாய் எல்லாம் இருந்தன. எவ்வளவு துல்லியமாக இருந்ததோ அவ்வளவு நன்றாக இருந்தது. அந்தத் துல்லியம்தான் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் ஆலங்குளத்திலிருந்து என் தம்பி மனைவி எனக்கே அதை அனுப்பினாள். மேலே யாரோ, "கண்ணீரை வரவழைக்கும் உண்மைச் சம்பவம், சிவகாசி" என்று தலைப்புப் போட்டு, கும்பிடும் கைகள் வரிசையாக வைத்திருந்தார்கள். என் பெயர் எங்கும் இல்லை. கீழே, "அண்ணி, இது உங்க தெரு மாதிரி இருக்கே?" என்று கேட்டிருந்தாள்.

கறிக்குழம்பு வாசனை வீடு முழுக்க இருந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் அதே பேச்சுதான்.

"எவளோ படிச்சவதான் எளுதிருக்கா. சாக்கு வரைக்கும் எளுதிருக்காளே."

"படிச்சவளா இருந்தா இம்புட்டு அறிவு கெட்டா இருப்பா? எவனாச்சும் பத்திரிகக்காரனா இருக்கும்."

"பத்திரிகக்காரன் நம்ம கண்மாய்க்கு எப்ப வந்தான்? வந்தவன் உன்னையப் பாக்காமலா போயிருப்பான்?"

சிரித்தார்கள். பிறகு ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் படிச்சவுக, சொல்லுங்க மதினி. இது ஆம்பள எளுதுனதா, பொம்பள எளுதுனதா?"

"தெரியலையே" என்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"மதினியே மிரண்டு போய் நிக்கிறாக பாரு. பாவம், ரெண்டு வீடும் ஒண்ணு மண்ணாப் பொளங்குனவுக."

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர்களுடைய கைபேசியில் அந்தப் பக்கம் இருந்ததாம். ஒவ்வொரு வரியாகப் படித்து, இது என்ன, இது என்ன என்று கேட்டார்களாம். வழக்குப் பதிவானால் அவர் உள்ளே போக வேண்டும், கம்பெனி வேலையும் போய்விடும். மனைவி மதுரையில் கட்டோடு படுத்திருக்கிறாள். அவர் அன்றே வீட்டைப் பூட்டிவிட்டு, காரியாபட்டியில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் கணவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார்.

"நீயா?"

"ஆமா."

"எதுக்கு அனுப்புன?"

"நல்லா வந்திருந்துச்சு."

கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினார். "நல்லா வந்தா நம்ம சட்டிக்குள்ள வச்சுத் திங்கணும். ஊருக்கா பந்தி போடுவாக?" என்றார். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

மகளிடம் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "அம்மா, 'யாரோ பெரிசா மூச்சு விட்ட மாதிரி'ன்னு அதுல இருக்கு. அன்னைக்கு நீ என்கிட்ட அப்படித்தான சொன்ன" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "ஆனா நல்லா இருந்துச்சும்மா" என்றாள். பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது, ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார். அந்த நிலையிலும், அவள் அப்படிச் சொன்ன அந்த ஒரு நொடி நான் சந்தோஷப்பட்டேன். அந்த வாரத்தில் நான் வெட்கப்பட வேண்டியவை எத்தனையோ இருந்தன. என்னை அதிகம் கூசவைத்தது அந்த நொடிதான்.

அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரோ போட்ட தலைப்போடும் கும்பிடும் கைகளோடும் படித்தபோது, அதை நான் எழுதியதாகவே தோன்றவில்லை. அதனால்தானோ என்னவோ அதில் இல்லாதது கண்ணில் பட்டது. தெருவே ஓடியது என்று எழுதியிருந்தேன். நான் ஓடவில்லை. சன்னல் வெள்ளையானதும் மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவள், "அத்தை, அத்தை" என்று கதவைத் தட்டி அழுதாள். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஆட்டோ வந்த சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் நடந்து வந்ததை நான் பார்த்தது சன்னல் வழியாக. அவள் நகத்தைத் துல்லியமாக எழுதியவள், சாக்கைத் துல்லியமாக எழுதியவள், தாழ்ப்பாளை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிடவில்லை. வரி அழகாகப் போய்க்கொண்டிருந்தது, அது அங்கே பொருந்தவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை அரை நாள். வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைப் பற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை சுகமாக இல்லை. ஒவ்வொரு சொல்லும் இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தது. இருந்தும் நிறுத்த முடியவில்லை. வாசலில் நிழல் விழுந்தது.

மதுரையிலிருந்து வந்து பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தாள். தெருமுனையில் அவள் புருஷன் பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெள்ளைத் துணிக் கட்டு. கழுத்தில் ஒரு பக்கம் தோல் ரோஸ் நிறமாக இருந்தது. மெலிந்திருந்தாள்.

"வா" என்றேன்.

"இருக்கட்டும். அவுக காத்துக்கிட்டு இருக்காக" என்றாள். ஆனாலும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்தேன். அவளால் டம்ளரைப் பிடிக்க முடியாது. நானே அவள் வாயில் வைத்துப் புகட்டினேன். பாதி குடித்தாள், பாதி கட்டின் மேல் சிந்தியது. துடைக்கப் போனேன். "தொடாதீக, எரியும்" என்றாள்.

"நான்தான் எழுதினேன்" என்று சொன்னேன்.

"தெரியும். ஆஸ்பத்திரில நர்சு செல்லுல படிச்சுக் காட்டுச்சு. நான்தான் அதுன்னு அதுக்குத் தெரியாது. பாவம் இந்தப் பொம்பளைன்னு சொல்லிக்கிட்டே எனக்கு ஊசி போட்டுச்சு." லேசாகச் சிரித்தாள். "நகத்துல ஆரம்பிச்சதுமே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு மதினி. என் புருசன்கூட என் நகத்த அம்புட்டுப் பாத்ததில்ல."

"மன்னிச்சிரு" என்றேன். சொன்னதும் அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. "கதவைச் சாத்திட்டேன் அன்னைக்கு. அதையும்..."

"எந்தக் கதவு? அதெல்லாம் எவ பாத்தா அப்ப?" என்று கையை ஆட்டினாள். வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நானா இருந்தாலும் எம்பிள்ளைய உள்ள போட்டுச் சாத்திருப்பேன். இப்ப அதுக்கு நேரமில்ல. அவுகள எப்படியாச்சும் வெளிய வைக்கணும். இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு, செல்லுல வந்தது கதை, அத வச்சு நான் ஒண்ணும் பண்ணல, ஆனா அக்கம்பக்கத்துல படிச்சவுக யாராச்சும் நடந்தது இதுதான்னு கையெழுத்துப் போட்டு எளுதிக் குடுங்கன்னு. இந்தத் தெருவுல வேற எவ இருக்கா? திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

மேசையில் பேனா மூடாமல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கட்டுப் போட்ட கையாலேயே என் தாளை ஓரமாகத் தள்ளி, அடியில் இருந்த வெள்ளைத் தாளை முன்னால் கொண்டுவந்தாள்.

"உள்ளத அம்புட்டு நல்லா எளுதுனீகள்ல? இப்ப அடுப்புன்னு எளுதுங்க. பால் காச்சப் போனேன்னு எளுதுங்க. படிக்கிற ஆளுக்குப் பால் பொங்கி அடிப்பிடிச்ச வாடை வரணும், மதினி."